கைவிடும் விதி

அந்த விதிக்குக் ‘கைவிடும் விதி’ என்று பெயர் வைத்தது அவள் இல்லை. அடுத்த மேசையில் இருந்த சோதனைப் பொறியாளர். எதையும் சட்டென்று சரி என்று ஒத்துக்கொள்ளாமல் நாள்கணக்கில் நோண்டிக்கொண்டே இருப்பார் என்பதால் அவருக்கு அலுவலகத்தில் ‘இழுவை’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் சொந்தப் பெயரைச் சொன்னால் தாமதமாகவும் ‘இழுவை’ என்றால் உடனேயும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பழகிப்போயிருந்தார்.

கைபேசிகளுக்குச் சில்லு செய்கிற கம்பெனி அது. அதில் டிகோடர் என்கிற சிறு பகுதி அவள் பொறுப்பு. காற்றில் வருகிற செய்தி முழுசாக வந்து சேர்வதில்லை. வழியில் அடிபட்டு, சிதைந்து, பாதி சந்தேகமாகத்தான் கைபேசிக்குள் நுழையும். கூட்டம் நெரியும் பேருந்தில் அரைகுறையாகக் காதில் விழுந்த பேச்சை முன்னே பின்னே வைத்து நாம் புரிந்துகொள்கிறோம் அல்லவா, அந்த வேலையைத்தான் டிகோடர் செய்கிறது. செய்தியோடு சேர்த்து அனுப்பப்பட்ட சரிபார்ப்புத் துணுக்குகளை வைத்துக்கொண்டு எது பிழை, எது சரி என்று சுற்றுச் சுற்றாகக் கணக்குப் போடும். ஒவ்வொரு சுற்றிலும் சந்தேகம் கொஞ்சம் குறையும். ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் பேட்டரியைத் தின்னும்.

முந்தைய சில்லு தின்றது கொஞ்சநஞ்சம் இல்லை. சிக்னல் மோசமான இடத்தில் கைபேசி கன்னத்தைச் சுட்டது. மதியத்துக்குள் பேட்டரி படுத்துவிடுகிறது என்று வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். குடைந்து பார்த்ததில் பழி டிகோடர் தலையில் வந்து விழுந்தது. அடுத்த சில்லில் அது வேகமாகவும் ஓட வேண்டும், பாதி மின்சாரத்தில் பிழைக்கவும் வேண்டும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

அப்போது அவள் எழுதியதுதான் அந்த விதி. முதல் சில சுற்றுகளில் பிழை குறைகிறதா என்று பார். குறையவில்லையா, அந்தச் செய்தி தேறாது; மேற்கொண்டு மல்லுக்கட்டாமல் தூக்கிப் போட்டுவிட்டு, திரும்ப அனுப்பு என்று கைபேசிக் கோபுரத்தைக் கேள். இவ்வளவுதான். பரிசோதனைக்கூடத்தில் ஓட்டிப் பார்த்தபோது மின்செலவு பாதியாக விழுந்தது. வீண் வேலையில் மாட்டிக்கொள்ளாததால் வேகமும் ஏறியது. இயக்குநர் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார்.

இழுவை மட்டும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"சில செய்தி முதல்ல தேறாத மாதிரிதான் இருக்கும், மேடம். கொஞ்சம் பொறுத்தா திடீர்னு தேறிடும். ரெண்டு பக்கமும் பாறை இருக்கிற இடத்துல அப்படித்தான் வரும். அங்க போய் ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்."

திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்கிறோமே, அடுத்த தடவை கிடைத்துவிட்டுப் போகிறது என்றாள் அவள். சில்லை ஆலைக்குத் தயாரிக்க அனுப்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரம் இழுத்தால் போட்டிக் கம்பெனி முந்திக்கொள்ளும். கடைசியாக ஒப்புதல் கொடுத்தவர் இழுவைதான். கசப்பு மருந்து குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கொடுத்தார்.

அந்தச் சில்லைப் போட்டு வந்த கைபேசி சக்கைப்போடு போட்டது. விலை குறைவு, சார்ஜ் நிற்கிறது. வெளியே வெயிலில் அலைந்து பிழைப்பவர்கள் தேடி வாங்கினார்கள். அவளும் ஒன்று வாங்கினாள், தம்பிக்கு.

தம்பிக்கு மின்கம்பி வழியைப் பார்க்கிற வேலை. மலைக்கு மலை தாவிப் போகிற பெரிய மின்கோபுரங்களின் அடியிலேயே நடந்து, கம்பியில் மரக்கிளை உரசுகிறதா, காலடி மண் அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் தனியாகத்தான் நடப்பான். நடக்கும்போது அலுப்புத் தெரியாமல் இருக்க அக்காவைக் கூப்பிட்டு வம்பளப்பான். பழைய கைபேசி பாதி வழியிலேயே உயிரை விட்டுவிடும் என்று அவன் புலம்பாத நாள் இல்லை. புதியதைக் கையில் வாங்கியதும், உன் சில்லு போட்டதா என்று கேட்டுவிட்டு, அம்மாவிடமும் மனைவியிடமும் அதைப் பிரித்துக் காட்டாத குறையாகப் பெருமை அடித்துக்கொண்டான். கட்டிக்கொடுத்த இடத்தில் அக்கா எப்படியோ, கட்டிய சில்லில் கெட்டிக்காரி என்று கிண்டல் வேறு. அவள் கணவனிடமிருந்து பிரிந்து வந்து அதற்குள் சில வருடங்கள் ஆகியிருந்தன. அதைச் சொல்லிச் சிரிக்கிற உரிமை அந்த ஒருவனுக்குத்தான் இருந்தது.

ஒரு மதியம் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது மடியில் கைபேசி ஒருமுறை அதிர்ந்து நின்றது. எடுத்துப் பார்ப்பதற்குள் இன்னொரு தடவை அதிர்ந்து நின்றது. தம்பி. வழக்கமான வம்பளப்புதான் என்று நினைத்து, ‘மீட்டிங்டா, அப்புறம் பேசறேன்’ என்று தட்டிவிட்டுத் திரையை நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் மனைவி கண்ணாடிக் கடையில் பார்வை அளக்கிறவள். அதே மதியம் ஒரு பெரியவரின் தாடையைக் கருவியில் வைத்து அளந்துகொண்டிருந்தபோது அவளுக்கும் அழைப்பு வந்தது. எடுத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி அரை எழுத்து கேட்டது, உடனே அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. அவன் போகிற இடங்களில் இது புதிதில்லை. பெரியவரின் இடது கண்ணை அளக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கூட வேலை செய்பவர்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். கோபுரத்தடியில் மண் சரிந்து, கீழே வறண்ட ஓடைப் பள்ளத்தில் விழுந்திருந்தான். தொடை எலும்பு முறிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது. விழுந்ததும் போகவில்லை, நெடுநேரம் நினைவோடு இருந்திருப்பார், சாயங்காலத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கைபேசி அவன் கையிலேயே இருந்தது. சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பாழாய்ப்போன இடம், அங்கே சிக்னல் ஏது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். சிக்னல் இல்லாத இடத்துக்கு ஏன் போனான், ஏன் போனான் என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் அவர்கள் குழுவின் மேஸ்திரி, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வாயைத் திறந்தார்.

"சிக்னலே இல்லன்னு சொல்ல முடியாதும்மா. அவரைக் கண்டுபிடிச்சப்ப பக்கத்துல நின்னுதான் நான் ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொன்னேன். கரகரன்னு இருந்துச்சு, ஆனா பேச முடிஞ்சுது."

சொல்லும்போது அவர் கைபேசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். கண்ணாடி விரிசல் விட்ட பழைய மாடல். அதற்குள் இருப்பது எந்தச் சில்லு என்று அவளுக்குத் தெரியும். கன்னத்தைச் சுடுகிறது என்று எல்லோரும் திட்டிய, அவளுடைய முந்தைய சில்லு.

அவள் அந்த விரிசலையே பார்த்தாள். நிமிர்ந்தால் தம்பி மனைவி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மாதமே விடுப்பு போட்டுவிட்டுப் பள்ளத்துக்குப் போனாள். கூட வருகிறேன் என்று இழுவை அவராகவே வண்டியில் ஏறிக்கொண்டார். அவர் மேலே கோபுரத்தடியில் நின்றுகொண்டார். அவள் மட்டும் இரண்டு கைபேசிகளோடு பாறையைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினாள். இரண்டு பக்கமும் கருங்கல் சுவர். வானம் நடுவில் ஒரு கீற்றாகத் தெரிந்தது. மணலில் இன்னும் ஆட்கள் மிதித்த தடம் இருந்தது. அவன் கிடந்த இடம் எது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பழைய கைபேசியில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, பிறகு மணியடித்தது. வரவேற்பில் இருந்த பெண்ணின் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது மாதிரி வந்தது. ஆனால் வந்தது. கைபேசி உள்ளங்கையில் கொதித்தது. புதியதில் கூப்பிட்டாள். ஒரு மணி அடித்து அறுந்தது. மறுபடி கூப்பிட்டாள், அறுந்தது. உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து பார்த்தாள், கையை உயரத் தூக்கிப் பார்த்தாள். பாறையிலிருந்து எதிரொலித்து ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து வந்த செய்தி ஒவ்வொன்றையும் அது முதல் சில சுற்றிலேயே தேறாது என்று தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டு, வந்ததையும் தூக்கிப் போட்டது. கையில் சூடே இல்லை. குளிர்ந்த கூழாங்கல் மாதிரி இருந்தது.

நெடுநேரம் அவள் ஏறி வரவில்லை என்று இழுவை இறங்கி வந்தார். மணலில் உட்கார்ந்திருந்தவளையும் இரண்டு கைபேசிகளையும் பார்த்தார். நான் அப்போதே சொன்னேன் என்று அவர் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"நானும்தான் சரின்னு சொன்னேன், மேடம்," என்றார்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. அவள் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். விதியைத் தளர்த்தி ஒரு மென்பொருள் மாற்றம் அனுப்பினால், விற்ற கைபேசிகளும் சரியாகிவிடும் என்றாள். பேட்டரி இத்தனை நேரம் நிற்கும் என்று விளம்பரம் செய்து விற்றாகிவிட்டது, கைபேசிக் கம்பெனிக்காரன் ஒத்துக்கொள்ள மாட்டான், எங்கோ ஒரு பள்ளத்துக்காக எல்லோர் பேட்டரியையும் குறைப்பதா என்று அவர் பதில் சொல்லிக்கொண்டே போனார்.

"அந்தப் பள்ளத்துல கிடந்தது என் தம்பி, சார்."

தம்பி இறந்தது அவருக்குத் தெரியும்; மாலை கூட அனுப்பியிருந்தார். இதுதான் தெரியாது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து, அவசர உதவி எண்ணுக்குக் கூப்பிடும்போது மட்டும் விதியை நிறுத்திவைக்கலாம் என்று சம்மதம் வந்தது. விழுந்து கிடக்கிறவன் அவசர எண்ணைத்தான் கூப்பிடுவான் என்று என்ன நிச்சயம்? அவன் கைபேசியில் இருந்த பட்டியல்படி தம்பி மேஸ்திரியைக் கூப்பிட்டான், மனைவியைக் கூப்பிட்டான், அக்காவைக் கூப்பிட்டான். அவள் எவ்வளவோ வாதாடினாள். வேண்டுமானால் புதிய சில்லில் ஒழுங்காகச் செய்து காட்டு என்று சொல்லிவிட்டார்கள். ‘சிறு மேம்பாடுகள்’ என்று ஒற்றை வரி போட்டு அந்த மாற்றம் எல்லாக் கைபேசிக்கும் போய்ச் சேர்ந்தது.

தம்பி மனைவி கேட்டது அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அம்மா அவளோடுதான் இருந்தாள். தம்பி வாடகைக்குப் பிடித்த அதே வீட்டில். நாத்தனார் வந்திருக்கிறாள் என்று காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், அம்மா குளிக்கப் போனதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மேஸ்திரி போன் பேசுச்சு. நீங்க குடுத்தது ஏன் பேசல, அண்ணி?"

சிக்னல் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவள் தொழில் மொழியை ஒதுக்கிவிட்டு, பேருந்துக் கூட்டத்தில் கேட்கிற பேச்சு, சுற்று, பேட்டரி என்று எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணை அளக்கிறவள், மங்கலாகத் தெரிகிற எழுத்தைத் திரும்பத் திரும்ப வில்லை மாற்றிக் காட்டித் தெளிவாக்குகிறவள். அவளுக்கு இது உடனே விளங்கியது.

"அப்போ அவர் கூப்பிட்டது வீணாப் போகல. பதில் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. போன்தான் நடுவுல விட்டுடுச்சு."

"ஆமா."

"விடச் சொன்னது யாரு?"

"நான்தான்."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தம்பி மனைவி நறுக்கிய காயைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டாள். அழவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. ஒரு பிள்ளை போயிடுச்சு. இன்னொண்ணாவது அவங்களுக்கு முழுசா இருக்கட்டும். ஆனா நான் வீட்டுல இருக்கறப்ப இங்க வராதீங்க, அண்ணி. என்னால முடியாது."

அதற்குப் பிறகு, தம்பி மனைவி கடையில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் அவள் அம்மாவைப் போய்ப் பார்த்து வந்தாள்.

மீதி நேரம் முழுக்க வேலை. டிகோடர் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாச் சரிபார்ப்பையும் பழைய விடைகளை வைத்தே போட்டுக்கொண்டிருந்தது. ஒரு சுற்று முழுசாக முடிந்த பிறகுதான் புது விடை அடுத்த சுற்றுக்குப் போகும். அதை உடைத்துச் சிறு சிறு அடுக்காகப் பிரித்து, ஓர் அடுக்கு கண்டுபிடித்ததை அடுத்த அடுக்கு அந்தக் கணமே எடுத்துக்கொள்ளும்படி மாற்றினாள். சந்தேகம் பாதிச் சுற்றிலேயே தீர்ந்தது. கணக்குப் போடுவதைவிட எண்களை நினைவகத்துக்கும் கணக்கு அறைக்கும் சுமந்து அலைவதற்குத்தான் அதிக மின்சாரம் போகிறது என்று தெரிந்ததும், அந்த அலைச்சலைக் குறைத்தாள். ஏற்கெனவே தெளிவான பகுதிகளைத் தூங்க வைத்தாள். எந்தச் செய்தியையும் பாதியில் விட வேண்டியதில்லை. ஆனாலும் மின்செலவு பழைய விதி கொடுத்ததற்குப் பக்கத்தில் வந்து நின்றது. இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று இளசுகள் வியந்தார்கள். முதலில் அதற்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

இந்த முறை அவள் யாரையும் அவசரப்பட விடவில்லை. குகைப்பாதை, கிணற்றடி, கல்குவாரி என்று கைபேசியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். இழுவை போதும் மேடம் என்று சொன்ன பிறகும் இன்னோர் இடம் பார்க்கலாம் என்பாள். அவருடைய பட்டப்பெயர் அவளுக்கு மாறிவிட்டது என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் காதில் விழுந்தபோது அவர் சிரிக்கவில்லை. சில்லு வெளிவந்த நாளில் இயக்குநர் மறுபடி எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார். அவள் கழிவறைக்குப் போய், கைதட்டல் ஓயும்வரை குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

இதற்குள் அம்மாவுக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகாமல் ஆகியிருந்தது. அம்மாவின் புகார் எல்லாம் ஒன்றைச் சுற்றியே வந்தது: என் பெண் வந்து போனாள் என்றால் இவள் ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. அவளுடைய பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். அப்படி என்ன செய்துவிட்டாள் என் பெண்? போனவன் போனதும் அவன் வீட்டு மனிதர்களை வெட்டிவிடப் பார்க்கிறாள், நெஞ்சழுத்தக்காரி. போகப் போக வார்த்தை தடித்தது. தம்பியை மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்க்காமல் கடையில் கண் அளந்துகொண்டிருந்தவள் என்று கூட முகத்துக்கு நேராகச் சொன்னாளாம். மருமகள் எதற்கும் பதில் பேசவில்லையாம்.

ஒரு நாள் அம்மா பெட்டியைக் கட்டிவிட்டாள். வந்து அழைத்துப் போ, இனி உன்னோடுதான் இருப்பேன் என்றாள். அவள் காரை எடுத்துக்கொண்டு போனாள். தம்பி மனைவி கடைக்குப் போயிருந்தாள். பெட்டியைப் பின்னால் வைத்து, அம்மாவை முன்னால் உட்கார வைத்து, வண்டி பெரிய சாலைக்கு வரும்வரை அம்மா மருமகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நீ ஒருத்தி இல்லாவிட்டால் என் கதி என்ன என்று மகளின் தோளைத் தடவினாள்.

அந்தக் கை அங்கேயே இருந்திருக்கலாம். யாரும் எதுவும் கேட்கவில்லை. தம்பி மனைவியின் வார்த்தையும் வாயை மூடிக்கொள் என்றுதான் சொன்னது. அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"அம்மா, அவ மேல தப்பு ஒண்ணும் இல்ல. அவளைப் பேசாத."

பிறகு சொன்னாள். தம்பி மனைவியிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, இன்னும் எளிமையாக. பக்கத்தில் லாரிகள் போகும்போதெல்லாம் கார் லேசாக ஆடியது. அம்மா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு புரிந்தது என்று முகத்தில் தெரியவில்லை. சில்லு, சுற்று எல்லாம் அவளுக்கு எட்டியிருக்காது. மகள் செய்த ஒன்றால் மகனின் குரல் வந்து சேரவில்லை என்பது எட்டியிருந்தது.

"அவளுக்கு இது எப்பத்திலேருந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பவே. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு அவதான் சொன்னா."

"நான் பேசினதை எல்லாம் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தாளா?"

அவள் தலையசைத்தாள். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"வண்டியைத் திருப்பு. அவ வர்றதுக்குள்ள நான் வீட்டுல இருக்கணும்."

திருப்பினாள். வாசலில் பெட்டியை எடுக்கப் போனபோது, வேண்டாம் என்று அம்மாவே இறக்கி, இழுத்துக்கொண்டு படியேறினாள். படி ஏறும்போது மூச்சு வாங்கியது, நின்றாள், மறுபடி ஏறினாள். உள்ளே போனதும் விளக்குப் போட்டாள். ஜன்னல் வழியே அவள் பெட்டியைப் பிரித்துத் துணிகளைப் பழைய அலமாரியில் அடுக்குவது தெரிந்தது.

அம்மா அவளோடு பேசுவதை நிறுத்திவிடவில்லை. வாரத்தில் ஒரு நாள் கூப்பிடுவாள். மூட்டுவலி மாத்திரை தீர்ந்துவிட்டது என்பாள், மருமகள் புதுக்கண்ணாடி போட்டுக் கொடுத்திருக்கிறாள் என்பாள். அவள் ஒரு தடவை துணிந்து, "தம்பி இருந்திருந்தா" என்று ஆரம்பித்தாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது, வைக்கிறேன் என்று அம்மா வைத்துவிட்டாள்.